ஓர் அச்சகத்துப் பிள்ளை பார்த்த செவ்வாய் கிரகம்



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி நம் மன்றச் செயலாளர் என்னைக் கேட்டார். பாலிடெக்னிக் மலர் என்றால் விஸ்வேஸ்வரய்யா, ஜி.டி. நாயுடு, அப்துல் கலாம் இவர்களில் ஒருவராவது இருந்தே தீர வேண்டும் என்பது எழுதப்படாத விதி. மூவருமே நமக்கு வழிகாட்டிகள் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் நான் எழுதப்போவது ஒரு சினிமா டைரக்டரைப் பற்றி. உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். கடைசியில் நம்ம டிராயிங் ஹாலுக்குத்தான் வந்து சேரப்போகிறோம்.

அவர் பெயர் சத்யஜித் ரே. உலகப் புகழ்பெற்ற 'பதேர் பாஞ்சாலி'யை எடுத்தவர் என்று பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருப்போம். அவர் வேற்றுக் கிரகங்களைக் கற்பனை செய்தார், வேற்றுக் கிரகவாசிகளைத் தன் கையாலேயே வரைந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் இரண்டு வருஷம் முன்புவரை தெரியாது. தெரிந்துகொண்டது எங்க வீட்டுப் பரணிலிருந்து விழுந்த ஒரு மரக்கட்டையால். முதலில் அந்தக் கதை.

பரணில் கிடந்த பிளாக்

உத்தமபாளையத்தில் எங்க தாத்தா ஒரு சிறிய அச்சகம் வைத்திருந்தார். ஒரே ஒரு டிரெடில் மிஷின், சுவரோரம் ஈய எழுத்துகள் நிறைந்த கேஸ்கள், அவ்வளவுதான் மொத்தச் சொத்து. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கமிஷன் கடை பில் புக், காதுகுத்து அழைப்பு என்று இந்தச் சுற்றுவட்டாரத்தின் நல்லது கெட்டது எல்லாம் அந்த மிஷினில்தான் அச்சாகும். தாத்தாவுக்குப் பிறகு அப்பா நடத்தினார். ஆப்செட்டும் கம்ப்யூட்டர் டிசைனும் வந்த பிறகு வேலை குறைந்துகொண்டே போனது. நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது மிஷினை எடைக்குப் போட்டார்கள். ஈய எழுத்துகளைச் சாக்கில் அள்ளித் தராசில் வைத்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்பா அன்றைக்கு யாரிடமும் பேசவில்லை. இப்போது வேறொருவர் கடையில் சம்பளத்துக்கு ஃபிளெக்ஸ் அடிக்கிறார்.

முதலாமாண்டு சேர்ந்த புதிதில், சித்தப்பா பழைய டிராஃப்டர் ஒன்று பரணில் கிடக்கும் என்றார். அதைத் தேடும்போதுதான் கட்டையில் அறைந்த ஒரு துத்தநாக பிளாக் கீழே விழுந்தது. தகட்டில் பட்டும் படாமல் ஏதோ கோடுகள். பிளாக்கில் எல்லாமே இடவலம் மாறித்தான் இருக்கும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஸ்டாம்ப் பேட் மையைத் தடவி ஒரு வெள்ளைத் தாளில் அழுத்தி எடுத்தார்.

வளையம் போட்ட ஒரு கிரகம். அதன் அருகே ஒரு பறக்கும் தட்டு. கீழே ஒரு வேற்று உலகம். ஆனால் அந்த உலகத்தில் இருந்த மலை வரிசை நம்ம மேகமலைத் தொடர்! வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தெரிகிற அதே முகடு, அதே பள்ளம். பறக்கும் தட்டுக்கு மாட்டுவண்டிச் சக்கரம் போல ஆரங்கள் வேறு.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா விவரம் சொன்னார். ஒரு பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சி நோட்டீசுக்காகத் தாத்தாவே வரைந்து, மதுரையில் கொடுத்து பிளாக் எடுத்ததாம். 1963-ல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து 'கலை அரசி' என்று ஒரு படம் வந்தது. டைரக்டர் ஏ. காசிலிங்கம். தங்கள் உலகத்தில் சங்கீதம் இல்லை என்று வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வந்து ஒரு பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிற கதை. ராக்கெட், வேற்று உலகம் என்று தமிழ்ப்படம் ஒன்று அந்தக் காலத்திலேயே துணிந்திருக்கிறது என்பது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். தாத்தா அதை டெண்ட் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தவர். அந்த ஆசையில் வரைந்தது. பார்க்காத மலையை எப்படி வரைவது, தெரிந்த மலையைத்தானே வரைய முடியும் என்று அப்பா முடித்துக்கொண்டார்.

அப்போது அது எனக்குத் தாத்தாவின் அறியாமையாகத் தோன்றியது. பிறகு நூலகத்தில் ரேயின் கதைகள் ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைத்தன. டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு செமஸ்டர் லீவு முழுக்கப் படித்தேன். அவர் வாழ்க்கையையும் தேடிப் படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அச்சகத்தில் பிறந்த குழந்தை

சத்யஜித் ரே 1921-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். பிறந்த வீட்டின் முன்பகுதியில் அச்சகம், பின்பகுதியில் குடும்பம். தாத்தா உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி எழுத்தாளர், ஓவியர், வயலின் வாசிப்பவர். நமக்கு முக்கியமானது வேறொன்று. அவர் இந்தியாவின் அச்சுத் தொழில்நுட்ப முன்னோடிகளில் ஒருவர். போட்டோவை நுண்ணிய புள்ளிகளாகப் பிரித்து பிளாக்காக மாற்றும் ஹாஃப்டோன் முறையை, ஆசிரியர் யாரும் இல்லாமல், லண்டனிலிருந்து கருவிகளை வரவழைத்துத் தானே ஆராய்ந்து கற்றார். அது பற்றிய அவர் கட்டுரைகளை இங்கிலாந்தின் அச்சுத் தொழில் ஆண்டிதழே வெளியிட்டது. 1913-ல் குழந்தைகளுக்காக 'சந்தேஷ்' என்ற மாத இதழைத் தொடங்கினார். வங்காளத்தில் சந்தேஷ் என்றால் இனிப்புப் பலகாரம், செய்தி என்றும் பொருள். 1915-ல் மறைந்தார்.

அப்பா சுகுமார் ராய் இன்னும் நமக்கு நெருக்கமானவர். உதவித்தொகை பெற்று 1911-ல் இங்கிலாந்து போய், லண்டனிலும் மான்செஸ்டரிலும் அச்சுத் தொழில்நுட்பம் படித்து வந்தவர். சொல்லப்போனால் நம்மளை மாதிரி ஒரு டெக்னிக்கல் ஸ்டூடண்ட்! அவர்தான் வங்காளக் குழந்தைகள் இன்றுவரை மனப்பாடமாகச் சொல்லும் வேடிக்கைப் பாடல்களை எழுதியவர். இல்லாத மிருகங்களுக்குப் பெயர் வைத்துப் படமும் போட்டவர். ஆனால் காலா அசார் என்ற காய்ச்சல் அவரை வாட்டியது. 1923 செப்டம்பரில், 35 வயதில் அவர் இறந்தபோது சத்யஜித்துக்கு இரண்டரை வயதுகூட நிரம்பவில்லை.

அந்தக் குழந்தை வளர்ந்தது அச்சகத்துக்குள்ளேதான். கம்போசிட்டர்கள் எழுத்துக் கோர்ப்பதை வேடிக்கை பார்க்கும். பிளாக் எடுக்கும் பிரிவில் ராம்தஹின் என்ற தொழிலாளி இருந்தார். எதையாவது கிறுக்கிக் கொண்டுபோய், இது சந்தேஷில் வர வேண்டும் என்று குழந்தை அவரிடம் நீட்டுமாம். அவரும் தலையை ஆட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கி, அந்தப் பெரிய கேமராவின் கண்ணாடியில் கிறுக்கல் தலைகீழாகத் தெரிவதைக் காட்டுவாராம். உலகத்தைத் தலைகீழாகப் பார்க்கும் பழக்கம் சத்யஜித்துக்கு அங்கேதான் தொடங்கியது என்றால் மிகையாகாது. பிற்காலத்தில் டர்பென்டைன் வாசனை பட்டாலே அவருக்கு அந்த அறை ஞாபகம் வந்துவிடுமாம். எங்க அப்பாவுக்கு மண்ணெண்ணெய் வாசனை அப்படி. ஈய எழுத்தை அதில்தான் கழுவுவார்கள்.

தலைவன் இல்லாத தொழில் எத்தனை நாள் தாங்கும்? சில வருஷத்திலேயே கம்பெனி மூழ்கியது. அச்சகமும் வீடும் கைவிட்டுப் போயின. சந்தேஷ் நின்றது. தாயார் சுப்ரபா, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு தன் சகோதரர் வீட்டுக்குப் போனார். ஒரு விதவையர் பள்ளியில் தையல் சொல்லிக் கொடுக்கத் தினமும் பஸ் ஏறிப் போய் வந்து மகனைப் படிக்க வைத்தார். மிஷின் போன வீட்டில் எப்படி இருக்கும் என்பதை என்னால் கொஞ்சம் ஊகிக்க முடிகிறது. யாரும் அழுதுகொண்டு இருக்க மாட்டார்கள். அந்தப் பேச்சை மட்டும் எடுக்க மாட்டார்கள்.

மாமா வீட்டில் அந்தப் பையன் ஓர் அதிசயத்தைக் கண்டான். அறையை அடைத்துவிட்டால், கதவில் இருந்த ஒரு சின்ன ஓட்டை வழியாக வெளிச்சம் வந்து, தெருவில் போகிற ஆளும் ரிக்‌ஷாவும் எதிர்ச்சுவரில் தலைகீழாக ஊர்ந்தன. பள்ளி பிசிக்சில் நாம் ஊசித்துளை கேமரா என்று படித்தோமே, அதேதான். நாம் மார்க்குக்காகப் படித்தோம். அவன் அதைச் சினிமாவாகவே பார்த்தான்.

80 ரூபாய் சம்பளக்காரர்

பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் பெற்ற பிறகு, 1940-ல் தாகூரின் சாந்திநிகேதனில் ஓவியம் படிக்கச் சேர்ந்தார். குரு நந்தலால் போஸ். மரத்தை வரையும்போது தூரிகையை மேலிருந்து கீழே இழுக்கக் கூடாது, மரம் கீழிருந்துதானே வளர்கிறது, கோடும் அப்படித்தான் ஏற வேண்டும் என்பது அங்கே கற்ற பாடங்களில் ஒன்று. நண்பர்களே, அடுத்த முறை டிராயிங் ஷீட்டில் கோடு போடும்போது இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எதை வரைகிறோமோ அது எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் கோட்டுக்கு உயிர் வரும்.

ஐந்து வருஷப் படிப்பை அவர் முடிக்கவில்லை. 1942 கடைசியில் ஊர் திரும்பி, 1943-ல் ஒரு பிரிட்டிஷ் விளம்பரக் கம்பெனியில் மாதம் 80 ரூபாய் சம்பளத்தில் ஜூனியர் விஷுவலைசராகச் சேர்ந்தார். ஒருபுறம் விளம்பரம், மறுபுறம் சிக்னெட் பிரஸ் பதிப்பகத்துக்குப் புத்தக அட்டைகள். நேருவின் 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா'வுக்கு அட்டை போட்டது அவர்தான். 'பதேர் பாஞ்சாலி' நாவலின் குழந்தைகள் பதிப்புக்குப் படம் வரையும்போதுதான் இதைச் சினிமாவாக எடுத்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது.

எண்ணம் சரி, காசு? 1952-ல் ஷூட்டிங் தொடங்கினார். இன்ஷூரன்ஸ் பாலிசியை அடகு வைத்தார், மனைவி நகைகளை அடகு வைத்தார். பணம் தீர்ந்தால் நிறுத்துவார், கிடைத்தால் தொடருவார். கையில் முழு ஸ்கிரிப்ட் கிடையாது. காட்சி காட்சியாக வரைந்த படங்களும் குறிப்புகளும்தான். கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்து, 1955-ல் படம் வெளியானது. மறு ஆண்டு கேன்ஸ் விழாவில் பரிசு. அதற்குப் பிறகு நடந்ததை உலகமே அறியும். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த கட்டம்.

நாற்பது வயதில் மீட்ட சொத்து

1961. ரேக்கு நாற்பது வயது. உலகப் புகழ் வந்துவிட்டது. அந்த வருஷம் அவர் ஒரு காரியம் செய்தார். நின்றுபோன தாத்தாவின் சந்தேஷ் இதழை, கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து மீண்டும் தொடங்கினார். வீடும் மிஷினும் போனது போனதுதான். இதழை மட்டும் மீட்டார்.

இதழ் நடத்தினால் பக்கம் நிரப்ப வேண்டுமே! அதற்காகத்தான் கதை எழுதத் தொடங்கினார். உலகப்புகழ் டைரக்டர், படம் எடுத்து மீந்த நேரத்தில் குழந்தைகள் இதழுக்குக் கதை எழுதுவார், படம் வரைவார், அட்டை போடுவார். அப்படிப் பிறந்தவர்தான் புரொபசர் ஷோங்கு. கிரிடி என்ற சிற்றூரில் வாழும் வழுக்கைத் தலை, தாடி விஞ்ஞானி. முதல் கதையிலேயே அவர் போவது செவ்வாய்க்கு! யூரி ககாரின் விண்வெளிக்குப் போனதும் அதே 1961 ஏப்ரலில்தான்.

மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்கவும். ஷோங்குவின் ராக்கெட்டுக்கான மெட்டீரியல் என்ன தெரியுமா? காளான், பாம்புச் சட்டை, ஆமை முட்டை ஓடு! நம்ம மெட்டலர்ஜி புத்தகத்தில் தேடினாலும் கிடைக்காது. முதல் முயற்சியில் ராக்கெட் பக்கத்து வீட்டுக்காரரின் முள்ளங்கித் தோட்டத்தில் போய் விழுகிறது. அவர் நஷ்ட ஈடு கேட்டு வந்து நிற்கிறார். நாசா ராக்கெட் விழுந்தால் கடலில் விழும். ரேயின் ராக்கெட் முள்ளங்கியில் விழுகிறது. இரண்டாம் முறை ஷோங்குவும், வேலைக்காரர் பிரஹ்லாதும், நியூட்டன் என்ற பூனையும், விதுசேகர் என்ற ரோபோவும் கிளம்புகிறார்கள். ஒவ்வொருவர் எடையும் கணக்குப் போட்டுத்தான் கிளம்புகிறார்கள். வழியில் பிரஹ்லாத் ராமாயணம் படிக்கிறார்.

இனிமேல்தான் முக்கியம். அந்தச் செவ்வாய் எப்படி இருக்கிறது? மண்ணும் கல்லும் ரப்பர் போல மெத்து மெத்தென்று இருக்கின்றன. சிவப்பாக ஓடும் ஆறு, தண்ணீரோ கொய்யாப்பழ ஜெல்லி மாதிரி. புல்லும் மரமும் நீலம், வானம் பச்சை. அங்கே வாழும் பிராணி மனிதனுமில்லை, மிருகமுமில்லை, மீனுமில்லை, மூன்றின் சாயலும் உண்டு. கைக்குப் பதில் துடுப்பு, நெற்றி நடுவில் ஒரே பெரிய பச்சைக் கண், உடம்பெல்லாம் செதில். காலை வெயிலில் அந்தச் செதில் மின்னுகிறது. கிட்ட வந்தால் மீன் கவுச்சி!

இதைப் படித்த அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வேறொன்றுமில்லை, நீலத்துக்குப் பச்சை மையையும் பச்சைக்கு நீல மையையும் மாற்றிப் போட்டு ஓட்டினால் அப்படித்தான் வரும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த விமர்சகரும் எனக்கு இப்படி விளக்கிச் சொன்னதில்லை. ரே புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. ஒரு வங்காளி காலையில் கண் விழித்தால் பார்க்கிற ஆறு, புல், வானம், மீன். அவற்றின் நிறத்தையும் பதத்தையும் மட்டும் மாற்றினார். உடனே அது செவ்வாய் ஆகிவிட்டது. இத்தனைக்கும் அவர் வரைந்த படங்கள் கறுப்பு மையில்தான். நிறம் எல்லாம் வார்த்தையில்.

டி-ஸ்கொயர் பிடித்த கைகள்

அந்தக் காலத்து வேற்றுக் கிரகப் படங்களுக்கு ஏன் இப்படி ஒரு கவர்ச்சி என்று நான் நிறைய யோசித்ததுண்டு. 1926-ல் அமெரிக்காவில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற விஞ்ஞானக் கதை மாத இதழ் தொடங்கியது. அதன் அட்டைப் படங்களால் பேர் வாங்கியவர் ஃபிராங்க் ஆர். பால். அவர் கட்டடக் கலை பயின்றவர். 1944-ல், டைட்டன் என்ற துணைக்கோளில் நின்று சனி கிரகத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று 'லைஃப்' இதழில் வரைந்து உலகை அசத்திய செஸ்லி போன்ஸ்டெல்லும் கட்டட வரைபட வேலை செய்தவர்தான். ரேயோ பிளாக் எடுக்கும் குடும்பத்துப் பிள்ளை.

பார்த்தீர்களா? வேற்று உலகங்களை நமக்குக் காட்டியவர்கள் டி-ஸ்கொயரும் ஸ்கேலும் பிடித்தவர்கள்! பெர்ஸ்பெக்டிவ் தெரிந்த கை வரைந்ததால்தான் அந்தப் பொய்யான மலை நிஜம்போல நின்றது. வரைபடம் வரைகிறவனுக்குக் கற்பனை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கற்பனைக்கு வரைபடம் எவ்வளவு தேவை என்று அவர்கள் கேட்பதில்லை.

நிஜச் செவ்வாய் வேறு என்பது பிறகு தெரிந்தது. 1965-ல் மரைனர் 4 அனுப்பிய படங்களில் ஆறும் இல்லை, மரமும் இல்லை, பள்ளங்கள்தான். 1976-ல் வைக்கிங் அங்கேயே இறங்கிப் படம் அனுப்பியது. 2014-ல் நம்ம மங்கள்யான் போய்ச் சுற்றி வந்தது. பச்சை வானம் எங்கேயும் இல்லை. அதனால் ரேயின் செவ்வாய் பொய்த்துவிட்டதா? அதைப் படித்த மறுநாள் நான் பஸ்சில் வரும்போது வயல் வரப்புப் புல்லைப் பார்த்தேன். இது ஏன் பச்சையாக இருக்கிறது என்று வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோன்றியது. அந்தப் படங்கள் செய்கிற வேலை அதுதான். தூரத்தைக் காட்டுகிற சாக்கில் பக்கத்தைக் காட்டுகின்றன.

தாமரைக் குளத்தில் இறங்கிய கலம்

அடுத்து 1962-ல் சந்தேஷில் 'பங்கு பாபுவின் நண்பன்' கதை வந்தது. பங்கு பாபு ஒரு கிராமத்துப் பள்ளி வாத்தியார், அப்பாவி. பையன்களும் கேலி செய்வார்கள், ஊர்ப் பெரியவர்களும் சபையில் வைத்துக் கிண்டல் செய்வார்கள். ஒரு ராத்திரி மூங்கில் தோப்பில் கவிழ்த்த கண்ணாடிக் கிண்ணம் போல ஒரு கலம், ரோஜா நிற வெளிச்சம். புளூட்டோவுக்குப் போக வேண்டியவர் வழிதவறி இங்கே இறங்கிவிட்டார். அந்த வேற்றுக் கிரகவாசி, ஊரை விட்டு வெளியே போயிராத வாத்தியாருக்கு ஒரு குழாய் வழியாக வட துருவத்தையும் பிரேசில் காட்டையும் காட்டுகிறார். இவ்வளவு பயந்து வாழக் கூடாது என்றும் புரியவைத்துவிட்டுப் போகிறார். மறுநாள் பங்கு பாபு அந்தச் சபைக்குப் போய், கேலி செய்தவர்கள் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை சொல்லிவிட்டு வெளியேறுகிறார். எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

இதே விதையில் பெரிய மரம் ஒன்று வளர இருந்தது. கொழும்பில் குடியிருந்த விஞ்ஞான எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கிடம் ரே ஒரு படக் கதையைச் சொன்னார். கிளார்க்கின் நண்பர் மைக் வில்சன் மூலம் அது ஹாலிவுட்டின் கொலம்பியா கம்பெனிவரை போனது. 1967-ல் ரே எழுதிய அந்தத் திரைக்கதையின் பெயர் 'தி ஏலியன்'.

கதையில் கலம் இறங்குவது ஒரு வங்காளக் கிராமத்துத் தாமரைக் குளத்தில். தண்ணீருக்கு மேலே அதன் கூர்முனை மட்டும் தெரிகிறது. ஊர் மக்கள் என்ன நினைக்கிறார்கள்? மூழ்கிப்போன கோயிலின் கலசம் மேலே வந்துவிட்டது என்று கும்பிடத் தொடங்குகிறார்கள்! நம்ம ஊர்க் குளத்தில் இறங்கினாலும் அதேதான் நடக்கும். அன்றைக்கே பொங்கல் வைத்து, வசூல் கமிட்டியும் போட்டுவிடுவோம். உள்ளிருந்து வரும் ஜீவன் சின்னது, ஒல்லிக் குச்சிக் கைகால், பெரிய தலை, கண் இருக்க வேண்டிய இடத்தில் குழி. ரே அதை வரைந்தே வைத்திருந்தார். அது யாரையும் சுடுவதில்லை, ஊரை அழிப்பதில்லை. ஒரு குழந்தை மாதிரி விளையாடுகிறது. ஒரே ராத்திரியில் நெல் விளைகிறது, பருவம் தப்பி மாமரம் காய்க்கிறது. ஓர் ஏழைப் பையன் அதற்கு நண்பனாகிறான்.

அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. திரைக்கதைப் பிரதியில் உரிமையாளராகத் தன் பெயரோடு வில்சன் பெயரும் சேர்ந்திருப்பதை ரே ஹாலிவுட்டில் கண்டார். நடிகர்கள் பேச்சும் இழுத்தடித்தது. மனம் வெறுத்து ஒதுங்கினார். 1982-ல் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்தபோது, தன் கதையின் சாயல் அதில் இருப்பதாக ரே கருதினார். ஸ்பீல்பெர்க் அதை மறுத்தார். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் ரே வழக்கு, வம்பு என்று போகவில்லை. ஊருக்குத் திரும்பி, 1969-ல் தாத்தா எழுதிய குழந்தைக் கதையையே 'கூபி காயின் பாகா பாயின்' என்று படமாக எடுத்தார். அதில் வரும் பேய்களின் நடனத்துக்கு அவர் என்ன வாத்தியம் வைத்தார் தெரியுமா? மிருதங்கம், கடம், கஞ்சிரா, முகர்சிங்! நம்ம கச்சேரி மேடை வாத்தியங்கள் வங்காளப் பேய்களை ஆட்டிவைத்தன. பிறகு 1976-ல் நம்ம பாலசரஸ்வதி அம்மாவைப் பற்றி 'பாலா' என்ற ஆவணப்படமும் எடுத்தார்.

சிவப்புத் துணி நோட்டு

கடைசிவரை அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. கல்கத்தா வியாபாரிகள் வரவு செலவு எழுதுகிற சிவப்புத் துணி அட்டை நோட்டுகளில்தான் ஒவ்வொரு படத்தையும் திட்டமிடுவார். வசனம், காட்சிப் படம், உடை, செட் அளவு, இசைக் குறிப்பு எல்லாம் ஒரே நோட்டில், அவர் கையெழுத்தில். போஸ்டரும் அவரே. ஆங்கில எழுத்துருக்கள்கூட வடிவமைத்தார், அவற்றில் ஒன்றின் பெயரே ரே ரோமன். ஷோங்கு கதைகள் மட்டும் சுமார் 40.

1983-ல் மாரடைப்பு. டாக்டர்கள் தடுத்தும் உட்கார்ந்த இடத்திலிருந்தே மேலும் மூன்று கதைப்படங்கள் எடுத்தார். 1992-ல் ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே ஆஸ்கர் கௌரவ விருதைக் கையில் பிடித்தார். பாரத ரத்னாவும் அந்த வருஷமே. 1992 ஏப்ரல் 23-ஆம் தேதி, 70 வயதில் மறைந்தார்.

செவ்வாய்க் கதையில் ஒரு விஷயத்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஷோங்குவின் டைரி, எரிகல் விழுந்த பள்ளத்தில்தான் கிடைக்கிறது. கிழித்தால் கிழியாது, நெருப்பில் எரியாது, மை நிறம் மாறிக்கொண்டே இருக்கும். அப்பேர்ப்பட்ட டைரியைக் கடைசியில் சாதாரண எறும்புகள் தின்று தீர்த்துவிடுகின்றன. அதற்குள் ஒருவர் அதைப் படித்து நகல் எடுத்துவிட்டதால் கதை பிழைக்கிறது. மிஷினை இழந்த வீட்டுப் பிள்ளையால்தான் இப்படி எழுத முடியும் என்று எனக்குப் படுகிறது. காகிதமும் போகும், இரும்பும் போகும். யாராவது ஒருவர் பார்த்து வைத்திருந்தால் போதும்.

நண்பர்களே, தாத்தாவின் மேகமலையை இப்போது நான் கேலி செய்வதில்லை. தாமரைக் குளத்தில் விண்கலத்தை இறக்கிய ரே மேதை என்றால், நம்ம மலைக்கு மேலே சனி கிரகத்தை ஏற்றிய என் தாத்தாவும் அந்த வகுப்பில் கடைசி பெஞ்சிலாவது உட்காரத் தகுந்தவர்தான். இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் அந்த பிளாக்கை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு எங்க வீட்டில் அச்சகத்தைப் பற்றிய பேச்சு அன்றைக்குத்தான் நடந்தது. ராத்திரி பதினோரு மணிவரை நடந்தது.

அவர் எடுத்துக் கொடுத்த அச்சுப் பிரதி ஒன்றை இந்தக் கட்டுரையோடு மலர்க் குழுவிடம் கொடுத்திருக்கிறேன். இடம் இருந்து போட்டார்களானால் மலை முகட்டை உற்றுப் பாருங்கள், உங்களுக்கும் அடையாளம் தெரியும். போடாவிட்டாலும் பரவாயில்லை. ஷீட்டை முடித்துவிட்டு மீதி நேரத்தில் நீங்களும் ஒரு கிரகம் வரைந்து பாருங்கள். ஆறு வேண்டும் என்றால் முல்லையாற்றை எடுத்துக்கொள்ளுங்கள், அருவி வேண்டும் என்றால் சுருளி இருக்கிறது, தோட்டம் வேண்டும் என்றால் திராட்சைப் பந்தல் இருக்கிறது. நிறத்தை மட்டும் மாற்றினால் போதும்.

அடுத்த ஆண்டு மலரில் உங்கள் கிரகத்தைப் பார்க்க ஆவலோடு காத்திருப்பேன்.



(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)